மங்குச் சத்தம்

லிமரிக், அயர்லாந்து
8 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பெவர்லி எழுதுகிறேன். அம்மா சாவுக்கு வந்துவிட்டு மூன்றாம் நாளே விமானம் ஏறியவள், ஏழு வருடம் கழித்து எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினையுங்கள், தப்பில்லை.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் நம்பருக்கு அடித்தேன். நீலாவதி என்பவர் எடுத்தார். சிரம்பானிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து தோட்டத்து நாய்களுக்குத் தீனியும் மருந்தும் கொடுக்கிறவராம், உங்களுக்குக் கேக் கொண்டுவந்திருந்தாராம். உங்களுக்குக் காது அடைத்துவிட்டது, போனில் பேசிப் பிரயோசனமில்லை என்றார். "நீங்க எழுதுங்க அக்கா, நான் படிச்சுக் காட்டுறேன்லா" என்றார். என் தமிழ் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றது. அவருக்குப் புரியாத இடத்தை ஊகித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எழுதக் காரணம் ஒரு நாய். சிரிக்காதீர்கள்.

உங்கள் பேரன் டேரன் வேலைக்கென்று ஆஸ்திரேலியா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். முதியோர் இல்லத்தில் வேலை, வேலை விட்டால் வீடு, வீட்டில் மழைச் சத்தம். இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. வேறு நாட்டுத் தெருக்களில் பிடித்துக் கூண்டில் போட்ட நாய்களை வேனில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நிரந்தரமாக யாராவது எடுத்துக்கொள்ளும்வரை என்னைப் போன்றவர்கள் வீட்டில் வைத்துப் பழக்க வேண்டும். நான்கு நாய்களை அப்படிப் பழக்கி அனுப்பிவிட்டேன். இது ஐந்தாவது. ருமேனியா நாட்டிலிருந்து நான்கு நாள் வேனில் வந்தது. பெண் நாய். நோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வந்த அன்று துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் புகுந்தது. இன்றோடு இருபது நாள். நான் வேலைக்குப் போனால்தான் வெளியே வந்து தின்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் மனிதர் கைக்கு வரவில்லையென்றால் கொட்டடிக்கு அனுப்பிவிடுவோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே போன நாயை யாரும் கேட்டு வருவதில்லை. கம்பிக்குப் பின்னாலேயே கிழடாகிவிடும்.

அப்பா, சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கம் நின்று, சோற்றுக் கிண்ணமான எனாமல் மங்கைக் கரண்டியால் தட்டுவீர்கள். மூன்றாம் டிவிஷன் நாய் முழுக்க வந்து நிற்கும். யாருக்கும் பிடிகொடுக்காதவைகூட வரும். நானும் இங்கே ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தேன். நோரா இன்னும் உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நாயை எப்படிப் பழக்கினீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்
பெவர்லி


மூன்றாம் டிவிஷன், தம்பின்
27 ஜனவரி 2024

அன்பு மகள் பெவர்லிக்கு,

உன் அப்பா அமலதாஸ் சொல்லச் சொல்ல நீலாவதி எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் மூச்சு ஓடுகிறது. நாய்க்கு மூன்று பக்கம், என் முழங்காலுக்கு ஒரு வரி. பரவாயில்லை, முழங்காலும் அந்த ஒரு வரி தூரத்துக்குத்தான் நடக்கிறது.

உன் கடிதத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை இவள் அலுப்பில் மழைச் சத்தத்தைத் தாண்டிவிட்டாள். பிடித்துவிட்டேன். எழுத்துத் தெரியாதவனை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது, ஒருதரம் கேட்டது தலையில் நின்றுவிடும்.

ருமேனியா எங்கே இருக்கிறது என்று போனில் காட்டினாள். எறும்பு அளவுக்கு இருந்தது.

இங்கே ரப்பர்ப் பால் வெட்டிய கித்தா மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது உனக்குத் தெரியும். செம்பனையும் போகிறது. வீடு கட்டி விற்கப் போகிறார்களாம். லயத்தில் அறுபது வீடு இருந்தது. இப்போது விளக்கெரிவது இரண்டில். ஒன்று நம் வீடு, இன்னொன்று கடைசி வீட்டுச் செல்லம்மா. மற்றவர்கள் செண்டாயான் பக்கம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே நாய் வைக்கக் கூடாதாம். அதனால் விட்டுவிட்டுப் போனார்கள். லாரி கிளம்பும்போது பழைய ரப்பர்ப் பால் ஸ்டோர் வரைக்கும் நாய்கள் பின்னால் ஓடும். பிறகு திரும்பி நடந்துவந்து அதனதன் வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். வீடு பூட்டிக் கிடக்கும், வாசலில் நாய் இருக்கும். இப்படி ஏழு. நான் சோறாக்கிப் போடுகிறேன். நீலாவதி வீடு தேடித் தருகிறாள். போன வருடம் இரண்டு, விமானத்தில் ஹாலந்து போயின. எனக்குக் கிடைக்காத யோகம்.

உன் நோராவுக்கு வருகிறேன். என் அம்மா, உன் ஆத்தா, கப்பலில் வந்து இறங்கியபோது ஊசி போட்டுப் பத்து நாள் கொட்டகையில் அடைத்துத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். லயத்துக்கு வந்தவள் ஒரு மாதம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லையாம். யார் பேசினாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். என் அப்பா தன்னுடைய சோற்றைத் தூக்கிக்கொண்டு போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றிருக்கிறார். நீயும் அதைச் செய். நாற்காலியில் வேண்டாம், தரையில் உட்கார். கண்ணைப் பார்க்காதே. கையால் பிசைந்து சாப்பிடு. ஒரு பிடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடு.

மங்கு தட்டுவதைக் கேட்டிருந்தாய். அது பழைய காலம். மறந்துவிட்டது.

உன் அப்பா
அமலதாஸ்
(கட்டைவிரல் வைத்திருக்கிறேன். மை நீலாவதி மேல் சட்டையிலும் பட்டுவிட்டது.)


லிமரிக்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சார்டின் டின்னைத் திறந்து, மிளகாய் வெங்காயம் போட்டுப் பிரட்டி, சோற்றில் பிசைந்து, அடுப்படித் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

ஐந்தாம் நாள் என் முதுகில் மூச்சுக்காற்று பட்டது. ஏழாம் நாள் பக்கத்தில் வைத்த பிடிச்சோறு காணாமல் போனது. கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாயாலும் இருக்கலாம். ஆனால் அவ்வளவுதான். திரும்பினால் ஓடிவிடுகிறது. கூப்பிட்டால் ஓடிவிடுகிறது. வாசற்கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்து வெளியே ஓடிவிட்டால் திருப்பி அழைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மறந்துவிட்டது என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கா? நான் பிறந்த அன்று எந்த மரவரிசையில் பால் வெட்டினீர்கள், மழை எத்தனை மணிக்கு நின்றது என்றெல்லாம் சொல்வீர்களே! நம் நாய் கிராணி இருந்திருந்தால் நோராவை ஒரு அதட்டு அதட்டி வெளியே கொண்டுவந்திருப்பான். அவனையும் மறந்துவிட்டீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நர்ஸ் படிக்கக் கிளம்பியபோது போகாதே என்றும் நீங்கள் சொல்லவில்லை, போய்விட்டு வா என்றும் சொல்லவில்லை. அம்மா போனதைக் கோயில் ஃபாதர்தான் போன் போட்டுச் சொன்னார். நீங்கள் ஒரு தடவைகூட என்னை வா என்று கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் நானாகத்தான் வந்தேன். நானாக வருகிறவள் மூன்று நாள்தான் இருப்பாள்.

பெவர்லி


மூன்றாம் டிவிஷன், தம்பின்
24 பிப்ரவரி 2024

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல நீலாவதி எழுதுவது. முதுகில் மூச்சுப் பட்ட இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னேன். நல்ல நாய். அவசரப்படாத நாய்.

கிராணியை மறப்பேனா! இவளுக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆபீஸ் கிராணி ராமகிருஷ்ணன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார். அவர் பின்னாலேயே உன் நாயும் ஆளாளாக முகர்ந்துகொண்டு நடக்கும். யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் நின்று குரைக்கும். உனக்கு அப்போது எட்டு வயசு. அதற்குக் கிராணி என்று பெயர் வைத்தாய். மனுஷருக்குக் கோபம். "ஏன்யா அமலதாசு, என் பேர்ல நாய் வளக்கிறியா?" என்றார். "உங்க பேரு இல்லைங்க ஐயா, உங்க வேலைதான்" என்றேன். ஒரு வாரம் என்னைக் காட்டுப்பன்றி மேயும் பள்ளத்துக்கு வேலைக்கு அனுப்பினார். நாய்க் கிராணிக்கு வலது காது மடங்கியிருக்கும். நெஞ்சில் வெள்ளை, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி.

நோராவுக்கு உன் பழைய சட்டையைத் துவைக்காமல் போடு. அதன் மேல் படுக்கட்டும். நீ வேலைக்குப் போகும்போது உன் வாசனை வீட்டில் இருக்கும்.

நீ எழுதிய இன்னொன்றைக் கேட்டேன். கூப்பிடவில்லை என்பது உண்மை. நான் யாரையும் கூப்பிடுவதில்லை. உன்னை மட்டும் என்று நினைக்காதே.

மங்கைப் பற்றி மறுபடி கேட்காதே, தாயி.

உன் அப்பா
அமலதாஸ்

அக்கா, இது நான், நீலாவதி, சொந்தமாக எழுதுவது. அங்கிளுக்குத் தெரியாது. ஊசி போடும் நாளில் ஏழு நாயையும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறார். "கூப்பிட்டா வந்துரும்லா அங்கிள்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்துவிடுவார்.


லிமரிக்
10 மார்ச் 2024

அப்பா,

சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். நோரா மெஷினுக்குப் பின்னாலிருந்து உறுமியது. அவர் கையை நீட்டினார், கையுறையைக் கடித்துவிட்டது. "முன்னேற்றமில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். ஏப்ரல் முப்பதாம் தேதி வேன் வரும் என்று கடிதமும் வந்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த ஒன்று இந்த நாயைக் கம்பிக்குள் போகாமல் தடுக்கும். அதைச் சொல்லாமல் நீங்கள் எதைக் காப்பாற்றுகிறீர்கள்?

பெவர்லி


மூன்றாம் டிவிஷன், தம்பின்
23 மார்ச் 2024

அன்பு மகள் பெவர்லிக்கு,

நாளைக்குக் குருத்து ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்குத் தம்பின் கோயிலுக்குப் போக முழங்கால் விடவில்லை. உன்னிடமே செய்கிறேன். நீலாவதியிடம், எதையும் அழகாக்காதே, சொன்னதை எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் நாய்க்கு வேண்டியது. மங்கில் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் தட்ட வேண்டும். வெறும் மங்கை ஒருநாளும் தட்டாதே. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. தினமும் ஒரே நேரம், ஒரே கரண்டி. தட்டிவிட்டு முதுகைக் காட்டி உட்கார். முதல் நாள் ஓடும், நான்காம் நாள் காது தூக்கும், பத்தாம் நாள் வரும். சோற்றுக்கு மட்டும்தான் தட்ட வேண்டும். ஊசி போட, குளிப்பாட்ட, சங்கிலி மாட்ட என்றால் நீ போய்த் தூக்கு. அதற்குத் தட்டாதே. அந்தச் சத்தத்தில் பொய் கலக்கக் கூடாது. இவ்வளவுதான் ரகசியம்.

இதைச் சொல்ல ஏன் இரண்டு மாதம் பிடித்தது என்று கேட்பாய்.

எண்பத்தொன்றாம் வருடம் ஆகஸ்டில், மாதா மோட்சம் போன திருநாளுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. அந்த வாரம் துரை பங்களாவுக்கு வந்த பிள்ளையை ஏதோ நாய் கடித்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாயும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. வியாழக்கிழமை லாரியில் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். லாரிச் சத்தத்துக்கே நாய்கள் கித்தாக் காட்டுக்குள் போய்விட்டன. இரண்டுதான் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "நீ தட்டினா வருமாமே, தட்டு அமலதாஸ்" என்றார்.

மறுத்திருந்தால் வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. மிரட்டவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மாட்டேன் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. சரிங்க ஐயா என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், கிராணியை அடுப்படியில் போட்டுக் கதவைச் சாத்து, நான் வந்து சொல்லும்வரை திறக்காதே என்றேன். நீ ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தாய். நாலு மணிக்கு ஆயாக்கொட்டகைப் பக்கம் நின்றேன், துப்பாக்கிக்காரர்கள் சுவருக்குப் பின்னால். மங்கில் சோறு இல்லை. வெறும் மங்கு. தட்டினேன்.

வந்தன, பெவர்லி. இருபத்தொன்பது. எந்தெந்த வீட்டு நாய், எது முன்னால் வந்தது, எது எங்கே விழுந்தது, எல்லாம் சொல்வேன். முதல் வெடிக்குப் பிறகும் ஓடவில்லை. என் பக்கத்தில்தான் ஒதுங்கின. நான் காப்பாற்றுவேன் என்று காலுக்குள் புகுந்தன. கடைசியாக வந்தது கிராணி. சாத்திய வீட்டிலிருந்து எப்படி வந்தது என்று நினைப்பதற்குள் முடிந்துவிட்டது. மங்கைப் பார்த்தது, சோறு இல்லை என்று என் முகத்தைப் பார்த்தது.

வீட்டுக்குப் போய் உன் அம்மாவைக் கேட்டேன். நான்தான் திறந்தேன் என்றாள். ஏன் என்று அதட்டினேன், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். மறு ஈஸ்டர்வரை நான் அவள் கையால் சாப்பிடவில்லை. தனியாக அடுப்பு மூட்டி என் சோற்றை நானே ஆக்கிக்கொண்டேன். நீ பார்த்திருப்பாய். பிறகு ஊருக்காகச் சாப்பிட்டேன். அவளைப் பெட்டியில் வைத்து மூடும்போதுகூட, ஏன் அந்தோனியம்மா திறந்தாய் என்றுதான் மனசுக்குள் கேட்டேன். தட்டியவன் நான். பழியை அவள் தலையில் வைத்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது.

அன்றைக்கு மங்கைக் கவிழ்த்துப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு நாயையும் கூப்பிட்டதில்லை, மனுஷரையும் கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட்டு வந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் கூப்பிடாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புதான்.

நோரா வந்தால் எழுது.

உன் அப்பா
அமலதாஸ்


மூன்றாம் டிவிஷன், தம்பின்
4 மே 2024

அன்பு மகளுக்கு,

ஏப்ரல் முப்பது தாண்டிவிட்டது. கடிதம் இல்லை. அயர்லாந்துக்குக் கடிதம் போக ஏழெட்டு நாள் ஆகும், வர அவ்வளவு ஆகும் என்று நீலாவதி கணக்குச் சொல்கிறாள். தபால்காரர் மோட்டார் இந்தப் பக்கம் வருவதேயில்லை. பெரிய ரோட்டுக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் தினம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறார், நான் கேட்க வேண்டியதில்லை.

ஜூன் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். செண்டாயானில் நாலாவது மாடி. நீலாவதி ஏழு நாய்க்கும் சிரம்பான் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் பார்த்துவிட்டாள்.

கோபமாக இருந்தால் இரண்டு வரியில் கோபத்தை எழுது. நாயைப் பற்றி மட்டும் எழுதினாலும் சரி.

அப்பா


லிமரிக்
19 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமில்லை. எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துபோய்விட்டேன். முதலில் நோரா.

நீலக் கரை போட்ட எனாமல் கிண்ணம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். சோற்றைப் போட்டுவிட்டு, மூன்று, விட்டு ஒன்று. நீங்கள் சொன்னதைவிட ஒரு நாள் முன்னாலேயே, ஒன்பதாம் நாள், நடந்து வந்து என் கண்ணெதிரே தின்றது. இருபதாம் நாள் என் மடியில் தலையை வைத்தது. ஏப்ரல் முப்பதாம் தேதி வந்த அம்மா தான் எழுதியதைக் கிழித்துப் போட்டார். அடுத்த வாரமே கால்வே என்ற ஊரில் ஒரு குடும்பம் கேட்டது. தோட்டமும் இன்னொரு கிழட்டு நாயும் உள்ள நல்ல வீடு. என்னிடம் வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் என்னுடையது இடைவழி வீடு. நான் எடுத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு இடமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. ஓட்டுநர், "கிண்ணத்தைத் தட்டினால் வருமாமே, தட்டுங்கள்" என்றார். கரண்டி கையில் இருந்தது. நான் தட்டவில்லை அப்பா. உள்ளே போய் நோராவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேனில் நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். அந்த வீட்டு அடுப்படியில் சோற்றைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தையும் கரண்டியையும் அந்த அம்மாவிடம் கொடுத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு, பஸ்ஸில் திரும்பினேன். இப்போது மெஷினுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. துவைக்கப் போனால் குனிந்து பார்க்கிறேன்.

இனி இதை எழுத வேண்டும்.

அன்றைக்கு ஞானோபதேசம் நடக்கவில்லை. ஃபாதர் வரவில்லை என்று பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா குழாயடியில் இருந்தார். அடுப்படிக் கதவைக் கிராணி பிறாண்டிக்கொண்டிருந்தான். அப்போது உங்கள் மங்குச் சத்தம் கேட்டது. துப்பாக்கிக்காரர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள், அப்பா சோறு போடுகிறார், எல்லா நாயும் போய்விட்டது, இவனை மட்டும் யாரோ மறந்து அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். "ஓடு கிராணி, அப்பா கூப்பிடுறாங்க" என்று நான்தான் சொன்னேன்.

வெடிச் சத்தத்தில் அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். திறந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வாயைப் பொத்தி, "நீ வூட்டுக்கே வரல. நான்தான் தொறந்தேன். அப்பா கேட்டாலும் இதான். வெளங்குதா?" என்றார். பிறகு என்னைப் பின்வாசல் வழியாகச் செல்லம்மா அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நீங்கள் தனி அடுப்பில் சோறாக்கிய எட்டு மாதமும் நான் அந்த வீட்டில் இருந்தேன். அம்மா உங்கள் தட்டைக் கழுவி வைப்பார், நீங்கள் அதை எடுக்காமல் வாழையிலை அறுத்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வருவேன். அம்மா கண்ணாலேயே தடுப்பார். பெரியவளானதும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருக்க முடிந்த தூரத்துக்குப் போனேன். அவர் சாவுக்கு வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்ற விதத்தைப் பார்த்து, இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் மூன்று நாள்.

நாய் வளர்க்கத் தெரியாமல் உங்களுக்கு எழுதவில்லை. நான்கு நாய்களைப் பழக்கியவள் நான். நீங்கள் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசினால், நானும் பேசலாம் என்றுதான் எழுதினேன்.

பெவர்லி


மூன்றாம் டிவிஷன், தம்பின்
8 ஜூன் 2024

அன்பு மகள் பெவர்லிக்கு,

அப்பா சொல்ல நீலாவதி எழுதுவது. உன் கடிதத்தைப் படிக்கும்போது பாதியில் இவள் நிறுத்திவிட்டாள். படி என்றேன். முடித்ததும் இரண்டாந்தரம் படிக்கச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

இன்று காலையில் நாய்களை ஏற்றினோம். இவள், "இன்னைக்கு ஒருநாள் தட்டுங்க அங்கிள், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்லா" என்றாள். அப்போது உன் கடிதம் படிக்கவில்லை. ஏழு வாசலுக்கும் நடந்து ஏழையும் தூக்கிவந்தேன். பூட்டின வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தன. நானும் வேனில் பின்னால் ஏறிக்கொண்டேன். காப்பகத்தில் ஒவ்வொன்றும் படுக்க இடம் பிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ செய்ததையே செய்திருக்கிறேன் என்று திரும்பி வந்து இவள் படித்தபோதுதான் தெரிந்தது.

படித்து முடித்ததும் இவளைக் கல்லறைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். இவள் காரிலேயே இருந்தாள். உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதச் சொல்லப் போவதில்லை. எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே என் தனி அடுப்புப் புகையைக் குடித்துக்கொண்டு அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் முப்பத்தைந்து வருடம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் அதட்டினேனே தவிர, கேட்கவில்லை.

உனக்குப் பதினொரு வயசு. அப்பன் தட்டினான், சோறு என்று நம்பினாய். நாய்களும் அதையே நம்பின. நம்பினவர்கள்மேல் ஒன்றுமில்லை, தாயி. கதவில் ஒன்றுமில்லை. மங்கில் சோறு இல்லை, அதுதான் குற்றம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ இறக்கி வை.

கல்லறையிலிருந்து வந்ததும் பரணில் ஏறச் சொல்லி மங்கை இறக்கினேன். இவள் தும்மித் தீர்த்துவிட்டாள். விளிம்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன். சோறாக்கி, நிறையப் போட்டு, வாசலில் நின்று தட்டினேன். மூன்று, விட்டு ஒன்று. என் காதுக்கே கொஞ்சம் கேட்டது.

லயத்தில் ஒரு நாயும் இல்லை. ஒன்றும் வரவில்லை. செல்லம்மா மட்டும் கடைசி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "நாயெல்லாம் காலையிலயே போயிருச்சே, யாரண்ணே கூப்புடுறீங்க?" என்று கத்தினாள். அந்தப் பதிலை உனக்குத்தான் எழுதச் சொல்கிறேன்.

இந்த வீடு ஜூன் முப்பதுவரை இருக்கும். அதற்குப் பிறகு செண்டாயானில் நாலாவது மாடி, இடது பக்கம் முதல் கதவு. எங்கே வந்தாலும் சரி. மூன்று நாளோ முப்பது நாளோ, உன் இஷ்டம். சோற்றைப் போட்டுவிட்டுத்தான் தட்டுகிறேன். சோற்றுக்கு மட்டும்தான், வேறு எதற்கும் இல்லை.

பெவர்லி, வா.

அப்பா
(கட்டைவிரல்)